ஊர் பலவாயினும் பணி ஒன்று

ஒரு நூலை ஒருவரே எழுதுதல் எளிது. ஓர் அறையில் எதிரெதிரே அமர்ந்து இருவர் எழுதுதலும் இயல்வதே. ஓர் ஊரில் ஒருவரும், ஆயிரம் கல் தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் மற்றொருவரும் இருந்துகொண்டு, ஒரே நூலை ஒரே நாளில் திருத்துவது எங்ஙனம்? அஞ்சல் இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, இணையமும் இருக்கிறது. ஆகவே இதில் இடர் யாது என்று தோன்றலாம். இடர் உண்டு. அதனைத் தீர்ப்பதற்கு அறிவிற் சிறந்தோர் பலர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்க நேர்ந்தது.

முற்காலத்தில் கையெழுத்துப்படி ஒன்றே இருந்தது. எழுதியவர் அதனை அஞ்சலில் அனுப்பினால் அது அவர் கையை விட்டு நீங்கும். பெற்றவர் திருத்தித் திருப்பி அனுப்பும் வரையில் அனுப்பியவர் காத்திருப்பார். வாரங்கள் கழியும். ஆயினும் அத்தாமதத்தில் ஒரு காவலும் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு கைதான் அத்தாளைத் தொட இயலும். கணிப்பொறிக் கோப்பு அத்தகையது அன்று. அனுப்பிய பின்னும் அஃது அனுப்பியவரிடமே இருக்கிறது, பெற்றவரிடமும் இருக்கிறது. இருவரும் தத்தம் படியில் திருத்தங்கள் செய்கின்றனர். மாலையில் பார்த்தால் கோப்பு ஒன்றாய் இராது, இரண்டாய் இருக்கும். அவற்றுள் மெய்ப்படி எது? முன்னவர் தம் படியைப் பொதுவிடத்தில் வைத்துச் சென்ற பிறகு, பின்னவர் வந்து அதன்மேல் தம் படியை வைத்துவிட்டால், முன்னவரின் ஒருநாள் உழைப்பு ஓசையின்றி அழிந்துபோகும். அழிந்தது என்று அறிவிப்பாரும் இரார்.

கோப்பை ஓரூரினின்று மற்றோர் ஊருக்குச் செலுத்தும் வழி முதலில் அமைந்தது. அனுப்பும் கணிப்பொறியும் பெறும் கணிப்பொறியும் எவ்வெக் கட்டளைகளால் உரையாட வேண்டும் என்னும் விதிமுறையை 1971ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் எழுதி வெளியிட்டவர் அபய் பூஷண் என்னும் இந்தியர். கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவருள் அவர் ஒருவர். அப்போது அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். அவ்விதிமுறை எஃப்.டி.பி. என்னும் பெயரால் உலகெங்கும் வழங்கியது. கோப்பைக் கொண்டு சேர்க்கும் வேலையை அது செம்மையாகச் செய்தது. சேர்ந்த இடத்தில் முன்னரே வேறொரு படி இருந்தால் என் செய்வது என்னும் வினாவிற்கு விடை கூறுதல் அதன் பணியன்று.

அவ்வினா பேருருக் கொண்டு எழுந்த இடம் லினக்ஸ் என்னும் மென்பொருள். கணிப்பொறியின் உறுப்புக்களையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை நிரலுக்கு இயக்க அமைப்பு என்று பெயர். 1991இல் பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில், பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், தம் வீட்டுக் கணிப்பொறிக்கென அத்தகைய நிரல் ஒன்றை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அம்முயற்சியை உலகிற்கு அறிவித்தபோது, இது பொழுதுபோக்காகச் செய்யப்படுவது, பெரிதாய் வளராது என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். அவர் எழுதியவற்றுள் இவ்வளவு பிழைபட்ட வேறொரு கருத்தைக் காண்டல் அரிது. செப்டம்பரில் ஏறத்தாழ 10,000 வரிகளைக் கொண்ட முதற்படி பின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கோப்பகத்தில் வைக்கப்பட்டது. டோர்வால்ட்ஸ் அதற்கு ‘ஃப்ரீக்ஸ்’ என்று பெயரிட எண்ணியிருந்தார். கோப்பகத்தைக் காத்துவந்த ஆரி லெம்கே என்பவரோ அதனை ‘லினக்ஸ்’ என்ற அடைவில் இட்டுவைத்தார், அப்பெயரே நிலைத்தது.

யாவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று நிரல் திறந்துவிடப்பட்டமையால், அயல்நாடுகளிலிருந்து திருத்தங்கள் வரலாயின. வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரிலிருந்து ஆலன் காக்ஸ் என்பவர் எழுதினார். மற்றும் எத்தனையோ நகரங்களிலிருந்து எத்தனையோ பேர் எழுதினர். அவருட் பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டறியார். ஆயினும் அவர்கள் முழுக் கோப்பையும் அனுப்பிக்கொள்ளவில்லை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய் 1970களில் ஆக்கிய ‘டிஃப்’ என்னும் கருவி, ஒரு கோப்பின் பழைய வடிவையும் புதிய வடிவையும் ஒப்பிட்டு, நீங்கிய வரி எது, சேர்ந்த வரி எது என்பதை மட்டும் தனியே எழுதித் தரும். அவ்வேறுபாட்டுக் குறிப்பைப் பெற்று, மற்றொருவரிடம் உள்ள படியில் அத்திருத்தத்தைப் பொருத்தும் ‘பேட்ச்’ என்னும் கருவியை 1985இல் லாரி வால் ஆக்கினார். பேட்ச் என்னும் ஆங்கிலச் சொல் கிழிந்த துணியில் வைத்துத் தைக்கும் ஒட்டினைக் குறிப்பது, பெயர் பொருத்தமானதே. ஆயிரம் பக்க நூலில் பத்து வரிகளைத் திருத்தியவர் அப்பத்து வரிகளை மட்டும் மின்னஞ்சலில் விடுப்பார். பெறுபவர் படித்துப் பார்ப்பார், நன்றெனின் தம் படியில் ஒட்டிக்கொள்வார், அன்றெனின் தள்ளுவார்.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. ஒட்டுக்களையெல்லாம் பெற்று ஆராய்ந்து மெய்ப்படியில் சேர்ப்பவர் டோர்வால்ட்ஸ் ஒருவரே. பத்துப்பேர் எழுதியபோது அது நடந்தது. பல நூற்றுவர் எழுதியபோது நடக்கவில்லை. 1997இல் அவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற்குக் குடியேறி வேறொரு நிறுவனத்திலும் பணியாற்றிக்கொண்டிருந்தார். அஞ்சற் பெட்டி நிரம்பியது. சில திருத்தங்கள் கண்ணில் படாமலே மறைந்தன. அனுப்பியவர் ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று அறியாமல் மீண்டும் அனுப்பினார். பெட்டி மேலும் நிரம்பியது. 1998இல் இது வெளிப்படையான பூசலாக வெடித்தது. ஒரு மனிதரின் இரு கண்களால் ஒரு பேரியக்கத்தின் பணி முழுவதையும் காண இயலாது என்று நண்பர்களே கூறினர்.

வரலாற்றுப் பதிவோடு கோப்புக்களைக் காக்கும் கருவிகள் அக்காலத்தில் வேறு சில இருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை ஒரு நடுநிலையக் கணிப்பொறியை நம்பியவை. மெய்ப்படியும் அதன் வரலாறும் ஆங்கேதான் இருக்கும். ஏனையோர் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். டோர்வால்ட்ஸுக்கு அஃது உடன்பாடன்று. 2002இல் அவர் பிட்கீப்பர் என்னும் கருவியை ஏற்றார். அது லாரி மெக்வாய் என்பவரின் நிறுவனம் ஆக்கியது. ஒவ்வொருவரிடமும் முழுப்படியும் முழு வரலாறும் இருக்கும்படி அமைந்தது. விலையின்றிக் கிடைத்தது, ஆயின் அதன் உள்ளமைப்புத் திறந்ததன்று, நிபந்தனைகளும் பல. திறந்த நிரலைக் காக்கப் பூட்டிய பெட்டியையா நாடுவது என்று பலர் குறை கூறினர். அக்குறையைப் புறக்கணித்தல் ஆகாது. அதன் விளைவு மூன்றாண்டுகளில் தெரிந்தது.

அதற்கிடையே ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. பிட்கீப்பரைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்காக, மெய்ப்படியைப் பார்த்து எடுத்த துணைப்படி ஒன்று வேறொரு கணிப்பொறியில் பழைய கருவியைக் கொண்டு காக்கப்பட்டு வந்தது. 2003 நவம்பரில் மெய்ப்படியோடு அதனை ஒப்புநோக்கியபோது, துணைப்படியில் மட்டும் இரண்டு வரிகள் மிகுதியாய் இருக்கக் கண்டனர். அவ்வரிகள் எவரும் முறைப்படி அனுப்பியவை அல்ல. பார்வைக்கு அவை பிழையைத் தடுக்கும் சோதனை போலவே தோன்றின. அந்நிரல் மொழியில் ‘==’ என்று இருமுறை சமக்குறி இட்டால், ‘இதுவும் அதுவும் ஒன்றா?’ என்று வினவுவதாகும்; ‘=’ என்று ஒருமுறை இட்டால், ‘இதனை அதுவாக்கு’ என்று கட்டளையிடுவதாகும். அவ்விடத்தில் இருந்தது ஒரே குறி. ‘இவர் கணிப்பொறியின் முழு அதிகாரமும் பெற்றவரா?’ என்று வினவுவது போல நடித்து, ‘இவரை முழு அதிகாரம் உடையவராக்கு’ என்று அவ்வரி கட்டளையிட்டது. மெய்ப்படியில் அது புகுந்து உலகெங்கும் பரவியிருந்தால், சூழ்ச்சி அறிந்த எவரும் அந்நிரல் இயங்கும் கணிப்பொறியில் ஒரு கணக்கு வைத்திருந்த அளவிலேயே அதன் தலைவராகியிருப்பர். ஒரு குறி மிகினும் குறையினும் என்ன என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். காத்தது யாது? ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் வெவ்வேறிடங்களில் இருந்தமையும், அவற்றை ஒப்பிடும் வழக்கமும்தாம்.

2005ஆம் ஆண்டு ஏப்ரலில் பிட்கீப்பர் உறவு முறிந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரத்து ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்னும் வல்லுநர், அக்கருவி தன் நிலையத்தோடு உரையாடும் முறையை ஆராய்ந்து, அதனோடு பேசவல்ல தனிநிரல் ஒன்றை எழுதினார். நிறுவனம் இதனைத் தன் நிபந்தனைக்கு முரணானது என்றது. அந்நிபந்தனைக்குத் தாம் என்றும் உடன்பட்டதில்லை என்பது அவர் நிலை. இருதிறத்தும் நியாயம் பேசினோர் உண்டு. முடிவில் விலையின்றி அளித்த உரிமை திரும்பப் பெறப்பட்டது. பல நகரங்களில் பரவியிருந்தோர் கூடி நின்ற மேடை ஒருநாளில் காலடியினின்று அகன்றது.

டோர்வால்ட்ஸ் அப்போது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வாழ்ந்துவந்தார். கைக்குக் கிடைத்த பிற கருவிகளை அவர் ஆராய்ந்தார். ஒரு திருத்தத்தைச் சேர்க்கச் சில கருவிகள் அரை நிமிடம் கொண்டன. அரை நிமிடம் நெடும்பொழுதன்று என்று தோன்றும். ஒரே அமர்வில் 250 திருத்தங்களைச் சேர்க்க நேரும்போது அஃது இரண்டு மணி நேரத்திற்கு மேலாகிவிடும். நடுவில் ஒன்று பொருந்தாமற் போயின், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று நொடிக்கு மேல் ஆகலாகாது என்பது அவர் கொண்ட அளவு. எதுவும் அவ்வளவிற்கு அடங்காமையால், லினக்ஸ் பணியை நிறுத்திவைத்துவிட்டு, தாமே ஒரு கருவியை எழுதத் துணிந்தார். ஏப்ரல் 3ஆம் நாள் தொடங்கினார். 7ஆம் நாள் அக்கருவியின் நிரலையே அக்கருவி காக்கத் தொடங்கியது. 29ஆம் நாள் நடந்த சோதனையில் நொடிக்கு 6.7 திருத்தங்களை அது சேர்த்தது. ‘கிட்’ என்று அதற்குப் பெயரிட்டார். ஆங்கிலப் பேச்சு வழக்கில் அது வெறுக்கத்தக்கவனைக் குறிக்கும் வசைச்சொல். தம் ஆக்கங்களுக்கெல்லாம் தம் பெயரையே இடுவதாக அவர் நகையாடினார்.

கிட் இயங்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நூறு வரிகள் கொண்ட கோப்பு ஒன்றினை இருவர் இரண்டு நகரங்களில் வைத்திருக்கின்றனர். முதல்வர் 20ஆம் வரியைத் திருத்துகிறார்; இரண்டாமவர் 70ஆம் வரியை நீக்கிவிடுகிறார். இரண்டு படிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மூன்றாமவருக்கு என்ன தெரியும்? ஒன்றில் 20ஆம் வரி ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருக்கிறது. எது பழையது, எது புதியது என்பதை அவர் அறிய வழியில்லை. 70ஆம் வரியை ஒருவர் நீக்கினாரா, மற்றவர் புதிதாய்ச் சேர்த்தாரா என்பதும் விளங்காது. இரு படிகளையும் மட்டும் எத்துணைக் கூர்ந்து நோக்கினும் விடை கிட்டாது. இருவரும் பிரிந்து செல்லுமுன் பொதுவாக இருந்த மூலப்படியை எடுத்து நடுவில் வைத்தால் யாவும் தெளிவாகும். மூலத்தினின்று முதல்வரின் படி வேறுபடும் இடம் முதல்வர் செய்த திருத்தம். இரண்டாமவரின் படி வேறுபடும் இடம் இரண்டாமவர் செய்தது. இரண்டும் வெவ்வேறிடத்தில் நிற்றலால் கருவி இரண்டையும் ஏற்று ஒரு கோப்பாக இணைத்துவிடும். உடன்பிறந்தார் இருவரின் உரிமையைத் தெளியப் பெற்றோர் எழுதிய ஆவணத்தைத் தேடுவது போன்றது இது. ஆகவேதான் வரலாற்றைக் காத்தல் இக்கருவிக்கு அணியன்று, உயிர்நாடி. மூலம் எது என்று அறியாத கருவி இணைக்க முயன்றால் ஒருவர் உழைப்பை அழித்தே தீரும்.

இருவரும் 45ஆம் வரியையே இரு வேறு விதமாகத் திருத்தியிருந்தால்? அங்குக் கருவி எதனையும் முடிவு செய்வதில்லை. இரண்டு வடிவங்களையும் கோப்பினுள்ளே மேலும் கீழுமாக எழுதி, நடுவிலும் இரு புறத்திலும் குறிகளை இட்டு, இணைப்பவரின் முன் வைத்துவிடும். எதனைக் கொள்வது என்பதை மனிதர் கூற வேண்டும்; வேண்டுமாயின் எழுதியவரைக் கேட்டறிய வேண்டும். இதனைக் கருவியின் குறையென்று எண்ணுவோர் உளர். உண்மையில் இதுவே அதன் நேர்மை. ஓசையின்றி ஒருவர் எழுத்தின்மேல் மற்றவர் எழுத்தை ஏற்றிவைக்கும் எளிமையைவிட, இங்கு முரண் இருக்கிறது என்று கூறிப் பணியை நிறுத்தும் தொல்லை மேலானது. பின்னும் ஒன்று உண்டு: இருவர் திருத்தங்கள் வெவ்வேறு வரிகளில் நின்று, பொருளால் மட்டும் முரண்படுதல் கூடும். ஒருவர் ஓர் அளவையை மீட்டரிலிருந்து அடிக்கு மாற்றுகிறார். மற்றவர் வேறொரு வரியில் மீட்டர் என்றே கொண்டு கணக்கிடுகிறார். கருவி இதனைக் காணாது. முழுவதையும் படித்துப் பார்ப்பவர்தாம் காண்பார். படங்கள், ஒலிப்பதிவுகள் முதலிய வரிகளற்ற கோப்புக்களையும் அது இணைக்கவல்லது அன்று. அவற்றில் ஒரு நேரத்தில் ஒருவரே கை வைத்தல் நலம்.

கிட்டின் மற்றொரு சிறப்பு முத்திரை. காக்கப்படும் ஒவ்வொரு நிலைக்கும் அதன் உள்ளீட்டைக் கொண்டே கணக்கிட்ட ஒரு முத்திரை உண்டு; எண்களும் எழுத்துக்களும் விரவிய நாற்பது குறிகள் கொண்டது. கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் முத்திரை முழுதும் வேறாகிவிடும். அன்றியும் ஒவ்வொரு நிலையின் கணக்கிலும் அதற்கு முந்திய நிலையின் முத்திரை அடங்கியிருக்கிறது. ஆதலின் பத்தாண்டுகளுக்கு முந்திய ஒரு வரியை எவரேனும் மறைவாக மாற்றினால், அன்று தொட்டு இன்று வரையுள்ள முத்திரைகள் யாவும் மாறும்; தம் வீட்டில் ஒரு படி வைத்திருக்கும் எவரும் இம்மாற்றத்தைக் கண்டுகொள்வர். ஸ்வான்சியில் உள்ளவரும் கான்பெராவில் உள்ளவரும் தம்மிடமுள்ள இறுதி முத்திரையைத் தொலைபேசியில் படித்து ஒப்பிட்டாலே போதும். முழு வரலாறும் ஒன்றே என்பது தெளிவாகும். முத்திரை கணக்கிடும் பழைய முறையை ஏய்க்கும் வழியொன்று 2017இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளரும் கூகுள் நிறுவனத்தாரும் கூடிச் செயலிற் காட்டினர். அத்தகைய ஏய்ப்பைக் கண்டறியும் காவல் அவ்வாண்டே கிட்டில் அமைந்தது. வலிமை மிக்க வேறொரு கணக்கு முறைக்கு 2020இல் இடமளிக்கப்பட்டது.

இவ்வமைப்பிற்கு மெய்யான சோதனை 2011இல் வந்தது. லினக்ஸ் நிரலின் தலைமைப் படி வைக்கப்பட்டிருந்த கணிப்பொறிகளுள் பகைவர் புகுந்துவிட்டனர் என்பது ஆகஸ்டு இறுதியில் தெரியவந்தது. நடுநிலையம் ஒன்றையே நம்பிய பழைய காலமாயிருந்தால், எவ்வரி மெய், எவ்வரி பொய் என்று அறியாமல் உலகம் திகைத்திருக்கும். இப்போதோ அந்நிலையத்தார் தம் கணிப்பொறிகளை நிறுத்தித் துடைத்து மீண்டும் அமைக்கத் தொடங்கினர்; தளம் ஒரு திங்களுக்கு மேல் மூடிக்கிடந்தது. நிரலைப் பற்றி அத்துணைக் கலக்கம் எழவில்லை. ஆயிரக்கணக்கானோர் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் அதன் முழு வரலாறும் முத்திரையோடு இருந்தது. டோர்வால்ட்ஸ் தம் படியைச் சிலகாலம் வேறோர் இடத்தில் வைத்தார். பணி அங்கிருந்து நடந்தது. வீடு தீப்பற்றினாலும் ஊரெல்லாம் விதைநெல் இருந்தது.

டோர்வால்ட்ஸ் கிட்டை நெடுங்காலம் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. 2005 ஜூலைத் திங்களில் ஜூனியோ ஹமானோ என்பவரிடம் அதனை ஒப்படைத்துவிட்டு லினக்ஸ் பணிக்குத் திரும்பினார். பிறர் எழுதியவற்றை நேரே பெற்றுக்கொள்ளும் வழக்கத்தையும் அவர் பெரிதும் குறைத்துக்கொண்டார். நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் காப்பாளர் ஒருவர் உளர்; திருத்தங்களை அவர் ஆராய்ந்து தம் படியில் சேர்ப்பார்; டோர்வால்ட்ஸ் அக்காப்பாளரின் படியை இணைத்துக்கொள்வார். 10,000 வரிகளில் தொடங்கிய நிரல் மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய வெளியீடு வருகிறது. அதனுள் பதினாயிரத்திற்கு மேற்பட்ட திருத்தங்கள் அடங்குதல் வழக்கம். இவ்வளவிற்கும் நடுவே அவர்கள் திருத்தங்களை இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே அனுப்பி, பலர் முன்னிலையில் வரி வரியாக வாதிடுகின்றனர் என்பது வியப்பளிக்கும்.

அந்நிரலின் முழுப்படியை எவரும் விலையின்றிப் பெறலாம். பெற்று, அதன் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டிச் செல்பவர் இறுதியில் 2005 ஏப்ரல் 16ஆம் நாளிட்ட ஒரு பதிவை அடைவர். அதற்கு முன் ஒன்றுமில்லை. பழைய வரலாற்றையும் சேர்க்க இயலுமாயினும், அதன் பருமன் பெரிதாகையால் இப்போது சேர்க்கவில்லை என்றும், வேண்டுமாயின் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் டோர்வால்ட்ஸ் அப்பதிவில் எழுதியிருக்கிறார். ஹெல்சிங்கியில் எழுதிய முதற் பதினாயிரம் வரிகளின் வரலாற்றைக் காண விரும்புவோர் வேறு கோப்பகங்களில் தேட வேண்டும்.